ஒரு பொருளில் எத்தனை பொதுமை?

பசுக்கள் பல. அவற்றிலெல்லாம் ஒன்றாக இருக்கும் ‘பசுத்தன்மை’ உண்மையிலேயே உள்ளதா, நம் மனம் கட்டிய வகைப்பாடா? வைசேடிகத் தத்துவ மரபினர் உள்ளது என்றார்கள். சாமானியம் என்று பெயரிட்டு ஆறு பதார்த்தங்களில் ஒன்றாக வைத்தார்கள். வஞ்சியில் மணிமேகலை கேட்ட வாதங்களில் இதுவும் உண்டு. காஞ்சிப் பக்கத்துக்காரர் என்று மரபு சொல்லும் பௌத்தர் திக்நாகர் மறுத்தார்: பசு அல்லாதவற்றை விலக்குவதே அந்தச் சொல்லின் வேலை.

உண்டு என்பவர்களுக்கும் தலைவலிதான். கண்ட பண்பையெல்லாம் சாமானியமாக்கினால் உலகம் தாங்காது. உண்டு என்ற கட்சியைச் சேர்ந்த உதயனர் ‘கிரணாவளி’யில் ஆறு தடைகள் வகுத்தார். அவற்றுள் சுவையானது சங்கரம். ஆகாயம் ஐம்பூதங்களில் ஒன்று, ஆனால் எல்லையுள்ள அளவு அதற்கில்லை. அணுவளவான மனத்துக்கு அது உண்டு. ஆனால் மனம் பூதமன்று. மண்ணுக்கும் நீருக்கும் இரண்டும் உண்டு. இப்படிக் குறுக்கே வெட்டிக்கொள்ளும் பண்புகள் சாமானியமாகா. நாம் ஏற்றிச் சொல்லும் உபாதிகளே.

நிரல்மொழிகளிலும் இதே கேள்வி எழுகிறது. சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் ஒரு கிளாஸுக்கு, அதாவது பொருள்களின் வகைக்கு, தாய் கிளாஸ் ஒன்றுதான். என்னென்ன பண்புகள் வேண்டும் என்று மட்டும் அறிவிக்கும் இன்டர்ஃபேஸ்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். குறுக்கே வெட்டும் பண்புகளைத் தாய் வகையாக்காத இந்த ஏற்பாட்டை உதயனர் ஆமோதித்திருப்பார்.

சி ஷார்ப்பில் ஓர் இன்டர்ஃபேஸ் ‘அடையாளம்’ என்ற பிராப்பர்ட்டியை அறிவிக்கலாம். அந்த மதிப்பைச் சேமிக்க அதனிடம் இடமில்லை. இன்டர்ஃபேஸ் ஜெனரிக்காக இருந்தால், மதிப்பின் டைப்பையும் திறந்தே விட்டுவிடும். நிரப்புவது கிளாஸின் பாடு. நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலுக்குச் சேர்க்கை எண் உண்டு, அது இன்ட் என்னும் முழு எண் டைப். ஐ.எஸ்.பி.என். பத்து இலக்க முறையில் எக்ஸ் எழுத்தில் முடியக்கூடும், ஆகவே ஸ்ட்ரிங் என்னும் எழுத்துத்தொடர் டைப். ஒரே ஜெனரிக் இன்டர்ஃபேஸை இரண்டு டைப்புக்கும் தனித்தனியே, வெளிப்படையாகப் பெயர் சொல்லி நிறைவேற்றலாம். எதன் வழியே பார்க்கிறோமோ அதற்குரிய விடை வரும். நூலை நேரே கேட்டால், அப்படியொரு பிராப்பர்ட்டியே இல்லை என்று கம்பைலர் கைவிரிக்கும்! பண்பு பொருளில் இருக்கிறதா, பார்வையில் இருக்கிறதா?

ஜாவாவில் இது நடக்காது. 2004-ல் வந்த ஜாவா 5, பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக, ஜெனரிக் டைப்பைக் கம்பைல் செய்யும்போதே அழித்துவிடுகிறது. இரண்டு இன்டர்ஃபேஸும் ஒன்றாகிவிடுவதால் ஒரே கிளாஸ் இரண்டையும் ஏற்க முடியாது. வேற்றுமை கம்பைலரின் மனத்தோடு சரி. திக்நாகர் கட்சி என்று சொல்லத் தோன்றும். ஆனால் காரணம் தத்துவமன்று, பழைய பைட்கோட். 2005-ல் வந்த சி ஷார்ப் 2.0 நிரல் ஓடும்போதும் டைப்பை நினைவில் வைத்திருக்கிறது.

கிளாஸைச் சாமானியத்தோடும் இன்டர்ஃபேஸை உபாதியோடும் பொருத்துவதே சரி. எந்தப் பண்பைக் கண்டாலும் தாய் கிளாஸில் திணிக்கும் நிரலாளர்கள் உதயனரின் ஆறு தடைகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.