வருடம் இருக்கிறது, மத்தியானம் இல்லை

"பிள்ளைகள் கொஞ்சம் பெரிசாகட்டுமே, அப்புறம் பண்ணிக்கிடலாம்." பிஎச்.டி. பதிவு செய்ய நினைக்கும் தாய்மார் எல்லாருக்கும் கிடைக்கும் அறிவுரை இது. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் 'பெரிசு' எப்போது வரும்? யு.கே.ஜி. படிக்கிற பையன் பத்தாம் வகுப்புக்கு வந்தால் வீட்டில் டி.வி. ஓடாது. அது முடிந்தால் பிளஸ் டூ, நீட். அதற்குள் மாமியாருக்கு முட்டி தேய்ந்திருக்கும். தோதான காலம் என்று ஒன்றை நம் வீடுகளில் பெண்ணுக்காக யாரும் எடுத்துவைப்பதில்லை. அதனால் சின்னவள் நடக்கத் தொடங்கியதுமே பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்துவிட்டேன். பகலில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் பாடம், மாலையில் வீடு, மிச்சத்தில் ஆராய்ச்சி.

அரசு எங்களை மறந்துவிடவில்லை. யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 வரை போகலாம். பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் விடுப்பும் உண்டு. இந்தச் சலுகை இல்லாவிட்டால் பதிவே ரத்தாகிப் போகும் என்பதால் இதை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனாலும் அந்த 240 நாள் ஆராய்ச்சியிலிருந்து கிடைக்கும் விடுப்பு. பகுதிநேர ஆய்வாளருக்கு அதனால் என்ன ஆகும்? ஆராய்ச்சி நிற்கும். கல்லூரி நிற்காது, பிள்ளைகளும் நிற்கமாட்டார்கள். நிற்காத இரண்டுக்கும் இடையில் தள்ளாடிக்கொண்டிருந்த மூன்றாவதை மட்டும் நிறுத்திக்கொள்ள அனுமதி தருகிறார்கள்.

எனக்கு வேண்டியது வருடம் இல்லை, மத்தியானம். யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம். ஓர் இயலை எழுதுவது என்றால் போன வாரம் என்ன யோசித்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்ளவே அரை மணி ஆகிவிடுகிறது. பிள்ளைகள் தூங்கியபின் லேப்டாப்பைத் திறந்து, அந்த அரை மணியைக் கடந்து, சரி, இனி எழுதலாம் என்னும்போது சின்னவள் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் கொடுக்க இரண்டு நிமிடம்தான். ஆனால் மறுபடியும் அரை மணி. பத்து ஆண்டு கொடுத்தாலும் அது இப்படித் துண்டு துண்டாகவே வந்தால், அத்தனையும் நினைவுபடுத்துவதிலேயே போய்விடும்.

இதை எனக்குப் புரியவைத்தது என் ஆய்வுப் பொருள்தான். நெல்லை, தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆராய்கிறேன். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் வாசல் திண்ணைகளில் உட்கார்ந்து பேசுவேன். இலையை நனைத்துவைத்து, தகடு வைத்து அளவாக வெட்டி, தூள் போட்டுச் சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள், தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே சுற்றுகிறார்கள். பிள்ளை அழுதால் தட்டைத் தள்ளிவைத்து எழுந்துபோய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார்கள். கை மறப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சம்பாதிக்கலாம் என்று இந்தத் தொழிலைப் புகழ்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். கழுத்து வலியையும், தூள் நெடியிலேயே வளரும் பிள்ளையையும் சொல்வதில்லை. பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம், பெண்கள் அதிக எண்ணிக்கையில் வேலை பார்க்கும் தொழிற்கூடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வீடே தொழிற்கூடமானால்? அங்கே காப்பகமும் அவளேதான்.

ஒருநாள் ஒரு பாட்டி கேட்டார்: "பிள்ளைய யாருட்ட விட்டுட்டு வந்திருக்கீங்க டீச்சர்?"

"எங்க அத்தை பாத்துக்கிறாங்க."

"அவங்களுக்கு என்ன வயசு?"

என் கேள்விப் பட்டியலில் இப்படி ஒரு கேள்வி இருக்கவில்லை. என்னோடு பதிவு செய்த ஆண் நண்பரும் இரண்டு சின்னப் பிள்ளைகளின் அப்பாதான். களப்பணிக்குப் போகும் இடத்தில் அவரிடம் முதல் கேள்வியையே யாரும் கேட்பதில்லையாம். அவர் வீட்டுக்கு மட்டும் மத்தியானம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கே தெரியும் என்பதால் இருக்கலாம்.

கைக்குழந்தையோடு படிப்பது பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் ஏ. லலிதாவை நினைவூட்டுவார்கள். சென்னைக்காரர். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தவர். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர் மாநாடு வரை போனார். மன உறுதிக்கு உதாரணமாக அவர் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். மகள் விடுதியில் தங்கிப் படிக்க, பேத்தியைக் குடும்பம் பார்த்துக்கொண்டது. பின்னால் வேலைக்குப் போன ஊர்களிலும் சகோதரர் குடும்பங்களின் துணை இருந்தது. உறுதி அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் மத்தியானங்களைக் கொடுத்தவர்கள் வேறு சிலர். அவர்களுடைய பெயர்கள் கதையில் வருவதில்லை.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டால், பதவி உயர்வுக்கு என்று சொல்லிவிடுவது எளிது. அதுவும் உண்டு. ஆனால் அந்தத் திண்ணைகளில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே நான் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் மேல் பாசம் குறைவோ என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒரே மனதில் இருக்கக்கூடியவைதான்.

பதிவின்போது கல்லூரி கொடுத்த தடையில்லாச் சான்றை (என்.ஓ.சி.) அண்மையில் எடுத்துப் படித்தேன். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க என் அலுவல் பணி இடம் தருகிறது என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது. அதைக் காட்டி, அடுத்த செமஸ்டர் டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை மத்தியானத்தை எனக்கு விட்டுத்தரும்படி துறைத்தலைவரிடம் கேட்டேன். பதிலுக்குச் சனிக்கிழமை வந்து தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) ஃபைல்களைப் பார்க்க முடியுமா என்றார். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு. பேரம் இன்னும் முடியவில்லை.