விழுந்த கண்ணாடியும் ஆத்தும சோதனையும்



அக்கினி நட்சத்திர வெயிலில் நிறுத்தியிருந்த நமது காரில், பின்புறம் பார்ப்பதற்காக முன் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு கண்ணாடி கழன்று விழுந்தது. உடையவில்லை. "பிறகு பார்க்கலாம்" என்று அதை ஆசனத்தில் போட்டுவிட்டுப் பத்து நாள் அப்படியே ஓட்டினேன். பதினோராம் நாள், மூலக்குளத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது ஓர் அலறல் கேட்டுப் பிரேக்கை மிதித்தேன். சைக்கிளோடு நின்ற சிறுமிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழந்தான் இருந்தது. சர்வேசுரனுக்குத் தோத்திரம்! அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் ஏதோ ஒரு பசையைத் தடவி ஒட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானமே மறுபடி விழுந்தது. பட்டறைக்காரர் பார்த்துச் சிரித்தார். "சாமி, பழைய பசைமேல் புதுப்பசை நிற்குமா?" என்றார்.

அவர் செய்ததைக் கேளுங்கள். முதலில், இடம் தவறாதபடி வெளிப்பக்கம் ஓர் அடையாளம் இட்டார். பழைய பசையைப் பிளேடால் துப்புரவாகச் சுரண்டினார். கண்ணாடியிலும், அதில் ஒட்டும் சிறு உலோகத் துண்டிலும் சுரண்டினார். ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டார். வெயிலில் கண்ணாடியும் உலோகமும் ஒரே அளவாய் விரிவதில்லையாம். அதைத் தாங்குவதற்கென்றே உள்ள பசையை ஒரு சொட்டு வைத்து, ஒரு நிமிஷம் அசையாமல் அழுத்தினார். "நாளைக்குத்தான் கண்ணாடியை மாட்ட வேண்டும்" என்றார். அதில் நான் தொங்கவிட்டிருந்த செபமாலையையும் என் கையில் கொடுத்து, "இது ஆடி ஆடிப் பார்வையை மறைக்கிறது, சாமி" என்றார். வெட்கத்தோடு வாங்கிக்கொண்டேன். செபமாலை கையில் உருள வேண்டியதல்லவா?

பிரியமானவர்களே, பாஸ்குக் காலத்தில் நாம் செய்த பிரதிக்கினைகள் இன்று எங்கே? குடிக்க மாட்டேன் என்றவர், அண்ணன் தம்பி வழக்கை முடிப்பேன் என்றவர், எத்தனை பேர் நிலைத்தோம்? பழைய பகையைச் சுரண்டாமல் அதன்மேல் பாவசங்கீர்த்தனத்தைத் தடவினோம். முதல் வெயிலிலேயே விழுந்துவிட்டது. பாவங்களை நினைத்துப் பார்ப்பதும், மனஸ்தாபப்படுவதும், பிரதிக்கினை செய்வதும் முதலில் வர வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்தோமே, அதுவே சுரண்டும் வேலை. அது நோகும்.

"கலப்பையில் கைவைத்தவன் பின்னால் பார்க்கலாகாது என்று ஆண்டவர் சொன்னாரே?" என்று கேட்பீர்கள். விட்டுவந்ததற்கு ஏங்கித் திரும்புகிறவனைப் பற்றி அவர் சொன்னார். ஓட்டுகிறவன் பின்னால் பார்ப்பதோ, ஒருவரையும் நசுக்காமல் முன்னே போவதற்கு.

1911-ம் வருஷம் அமெரிக்காவில் இந்தியானாபொலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்தில், மற்ற வண்டிகளில் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கூட உட்கார்ந்திருந்தார். ரே ஹாரூன் என்பவரோ தனியாக, ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டி ஜெயித்தார். நம் ஆத்துமத்திலும் பின்னாலிருப்பதைச் சொல்ல எப்போதும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கமாட்டார். மனச்சாட்சி என்ற கண்ணாடியை நாமே பார்க்க வேண்டும். அர்ச். இஞ்ஞாசியார் தினமும் ஆத்தும சோதனை செய்யக் கற்பித்தது இதற்காகவே.

ஆகையால் இன்றிரவு, குடும்ப செபம் முடிந்தபின் விளக்கை அணைக்குமுன், ஐந்து நிமிஷம் மௌனமாயிருங்கள். "இன்று என் சொல்லாலோ செயலாலோ யார் மிதிபட்டார்கள்?" என்று கேளுங்கள். மனைவியோ, வேலைக்காரரோ, அடுத்த வீட்டாரோ ஒரு முகம் தோன்றும். பத்து நாள் தள்ளாதேயுங்கள். எனக்கு ஒரு முழம் மிச்சமிருந்தது. எல்லாருக்கும் அது மிச்சமிருக்குமென்று சொல்ல முடியாது.

ஆமென்.