இங்கே நம்மை யாருக்குத் தெரியும்?



நம் சபை வாலிபர் ஒருவர் அடுத்த மாதம் தாய்லாந்து தேசத்திலுள்ள புக்கெட் தீவுக்குப் போகிறார். விற்பனையில் இலக்கை முடித்தவர்களுக்குக் கம்பெனி தருகிற பரிசுப் பயணம். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு தனியே வந்து கேட்டார்: "பாஸ்டர், ராத்திரி எல்லாரும் அந்த பார் தெருவுக்குப் போவாங்க. நான் குடிக்க மாட்டேன், எதையும் தொட மாட்டேன். சும்மா பார்த்தா மட்டும் பாவமா?" ஒளிக்காமல் கேட்டாரே, அதற்காகவே கர்த்தரைத் துதித்தேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கேட்காமலே போய் வருகிறவர்கள் நம் நடுவில் இல்லையா என்ன?

அந்த இடத்தை நான் அறிவேன். பெயிண்ட் கடை வைத்திருக்கிறவன் என்பதால் 2018-ல் டீலர்கள் பயணத்தில் எனக்கும் இடம் வந்தது. பட்டோங் என்று அந்தக் கடற்கரைக்குப் பெயர். ஒரு காலத்தில் ஈயம் தோண்டி எடுத்த தீவு புக்கெட். இப்போது சுற்றுலாதான் அதற்குச் சோறு. காலையில் அந்தக் கரையில் நின்று பார்த்தால், பிறை போல வளைந்த மணல், பின்னால் பச்சை மலை, முன்னால் அந்தமான் கடல். என் தேவன் எவ்வளவு அழகாய் உண்டாக்கியிருக்கிறார் என்று வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். கடற்கரையைப் பிசாசு உண்டாக்கவில்லை, பிரியமானவர்களே.

கரையிலிருந்து ஊருக்குள் போகிறது பங்களா ரோடு. அரை கிலோமீட்டர்கூட இராது. சாயங்காலமானால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், முழுத் தெருவும் நடக்கிறவர்களுக்கு. எங்களுக்கு இரவுச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்த கடை அந்தத் தெருவின் மறுமுனையில். எங்கள் கூட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் நடந்தது, நானும் நடந்தேன். இருபுறமும் சிவப்பும் நீலமுமாய் விளக்கு, காதைக் கிழிக்கிற பாட்டு, அட்டையை நீட்டிக் கையைப் பிடித்து இழுக்கிற ஆட்கள். வாசலில் நம் பிள்ளைகள் வயதுப் பெண்கள்.

என்னோடு வந்தவர்களில் ஒருவர் வேறு ஊர் சபையில் ஞாயிறு தவறாதவர். அவர் என் தோளைத் தட்டி, "அண்ணே, இங்க நம்மள யாருக்குத் தெரியும்? சும்மா ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துரலாம்" என்றார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு அறைக்கு வந்துவிட்டது.

யாருக்குத் தெரியும்? இதற்கு நாம் யோசேப்பைச் சொல்வோம். எகிப்தில் அவனை அறிந்தவர் யாருமில்லை. கர்த்தர் பார்க்கிறார் என்று ஓடினான். நல்ல பிரசங்கம், நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் கர்த்தர் பார்க்கிறார் என்று வேதத்தில் முதலில் சொன்னது யார்? யோசேப்புக்கு வெகுகாலம் முன்னே, வனாந்தரத்தில், ஒரு அடிமைப்பெண். ஆகார். ஆதியாகமம் 16-ம் அதிகாரத்தைத் திறந்து நிதானமாய் வாசியுங்கள். சாராயும் ஆபிராமும் அவளைக் குறித்துப் பேசும்போது ஒரு தரம்கூட அவள் பேரைச் சொல்லவில்லை. என் அடிமைப்பெண், உன் அடிமைப்பெண், அவ்வளவுதான். அவளிடம் சம்மதம் கேட்டதாகவும் எழுதியிருக்கவில்லை. கர்த்தருடைய தூதனானவர்தான் அவளைப் பேர் சொல்லி அழைத்தார். அப்போதுதான் அவள் தன்னைக் கண்ட தேவனுக்கு ஒரு பேர் வைத்தாள். நாம் பயமுறுத்தச் சொல்கிறோம். அவளுக்கோ அது ஆறுதல்!

மறுநாள் எங்கள் வழிகாட்டியிடம் விசாரித்தேன். அந்தப் பெண்களில் அநேகர் தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் என்ற பகுதியிலிருந்து வருகிறவர்களாம். மழையை நம்பி நெல் விதைக்கிற பூமி அது. நம்ம ராமநாதபுரத்துச் சம்சாரியிடம் கேட்டால் அது எப்படிப்பட்ட பிழைப்பு என்று சொல்வார். பெற்றோரைத் தாங்குவது மகளுடைய கடமை என்று வளர்ந்தவர்கள், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். வந்தவன் அந்தப் பெண்ணுக்கு ஒரு பானம் வாங்கிக் கொடுத்தால் அதில் அவளுக்குக் கொஞ்சம் பங்கு. அவளை வெளியே கூட்டிப்போக வேண்டுமானால் கடைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதற்கு "பார் ஃபைன்" என்று பெயர். அபராதம்! அவள் என்ன குற்றம் செய்தாள்? சில கடைகளில் பெண்கள் உடுப்பில் எண் குத்தியிருப்பார்களாம். பேர் வேண்டாம், நம்பரைச் சொன்னால் போதும். இத்தனைக்கும் விபசாரத்தைத் தடுக்க அந்த தேசத்தார் 1996-லேயே சட்டம் போட்டார்கள்.

"அவங்க இஷ்டப்பட்டுத்தானே பாஸ்டர் நிக்கிறாங்க?" என்று கேட்பீர்கள். சிலர் அப்படித்தான் சொல்லவும் செய்வார்கள், ஃபேக்டரி சம்பளத்தைவிட இது மேல் என்று. நான் மறுக்கவில்லை. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒரு பெண் சொல்கிற சரி என்ற வார்த்தையை, சோறும் வீடும் உள்ளவன் சொல்கிற சரியோடு ஒன்றாய் நிறுக்கலாமா? எனக்கு மனசு வரவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இச்சையோடு பார்ப்பதைக் குறித்து ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது உமக்குத் தெரியும், அதுவே போதும். ஆனாலும் தம்பி, "எனக்குத் தீட்டு வருமா, வராதா" என்று மட்டும் கணக்குப் பார்க்கிறீரே, எதிரே நிற்கிறவள் அந்தக் கணக்கில் எங்கே? அந்தத் தெருவில் பணம் கொடுக்கிறவனைவிட வேடிக்கை பார்க்கிறவன்தான் அதிகம். அந்த வேடிக்கைக் கூட்டம்தான் அந்தத் தெருவுக்குத் திருவிழா. கூட்டம் இல்லாவிட்டால் விளக்கு எதற்கு? சும்மா பார்க்கிறது என்று ஒன்று அங்கே கிடையாது. அந்த வழியாய் நடந்துபோக வேண்டி வந்தால் நடந்துபோம், பயப்பட வேண்டாம். யாரையாவது எதிரில் பார்த்தால் ஒரு மனுஷியாகப் பாரும். உட்காராதேயும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பட்டோங் கரையிலும் ஏறியது. தாய்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாவத் தீவுக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று மேடையில் முழங்கியதை என் காதாலே கேட்டேன். அதே நாள் காலையில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்களே! வலை காயப்போட்டவர்கள், மீன் விற்றவர்கள், வேளாங்கண்ணிக்கு வந்தவர்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைக் குறித்து ஆண்டவர் கேட்ட கேள்வியை லூக்கா 13-ல் போய்ப் பாருங்கள். நம்ம ஊர் டாஸ்மாக் வாசலைத் தாண்டித்தானே தினமும் ஜெபத்துக்கு வருகிறோம்? பட்டோங்கைக் குறை சொல்ல நமக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அங்கே பணத்தை இறைக்கிறவர்களில் நம் தெருவிலிருந்து போனவர்களும் உண்டு. திரும்பி வந்து மனைவிக்குச் சென்ட் பாட்டில் கொடுக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் தம்பியின் பயணத்தை ஞாபகப்படுத்துங்கள். கூடவே அந்தத் தெருவில் நிற்கிற பெண்களுக்காகவும் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது, "ஈசான் மகள்கள்" என்று சொல்லி ஜெபிப்போம். சகோதரிகள் காலை பத்து மணிக்கே வந்துவிடுங்கள்.