சாமியும் வேண்டும், டாக்டரும் வேண்டும், ஊரும் வேண்டும்!

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடம். அந்த ஆண்டு இங்கே போர் நடக்கவில்லை. பஞ்சம் தலைவிரித்து ஆடவில்லை. நாட்டளவில் பதிவான காரணங்களில் முன்னால் நிற்பவை குடும்பப் பிரச்சினையும் நோயும். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து, "என்னப்பா ஆச்சு, சொல்லு" என்று கேட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அதில் எத்தனை பேர்!

கன்னிவாடித் தம்பியே, தங்கச்சியே! இது எங்கோ பட்டணத்துக் கதை என்று நினைக்காதே. தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் அப்பாவின் நெஞ்சில் இது நடக்கிறது. தவணை நாள் வந்தால் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கும் அம்மாவின் நெஞ்சில் நடக்கிறது. பிள்ளையைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை ஆளாய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் நெஞ்சில் நடக்கிறது. செல்போன் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்த அண்ணன் நெஞ்சிலும், மதிப்பெண் பட்டியலை மடித்து மறைத்து வைத்திருக்கும் உன் நெஞ்சிலும் நடக்கிறது.

இதற்கு மருந்து கேட்டால் மூன்று பேர் மூன்று திசையில் கை காட்டுகிறார்கள். "எல்லாம் கிரகக் கோளாறு, சாமியிடம் போ" என்கிறார் ஒருவர். "சாமியாவது பூதமாவது, மாத்திரையைப் போடு" என்கிறார் இன்னொருவர். "அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? பழக்கவழக்கத்தைக் கைவிட்டதால் வந்த வினை" என்கிறார் மூன்றாமவர். ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு தனித்தனியே நடக்கிறார்கள். மூன்று கல் சேர்ந்தால்தான் அடுப்பு, அப்போதுதான் பானை நிற்கும்! பக்தி ஒரு கல், மனநல மருத்துவம் ஒரு கல், ஊர்ப் பண்பாடு ஒரு கல். இதில் எதை எறிந்தாலும் பசியோடு படுக்கப்போவது நாம்தான்.

பழனிப் பாதை கற்றுத்தரும் பாடம்

தை பிறந்தால் நம் பக்கத்துச் சாலையைப் பார். செட்டிநாட்டிலிருந்து புறப்பட்ட காவடிகள் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று பழனியை நோக்கி நகர்கின்றன. பச்சை வேட்டி, காவி வேட்டி, காலில் கொப்புளம், வாயில் அரோகரா. பல நூறு ஆண்டுகளாக நடந்து தேய்ந்த தடம் அது.

அந்த நடையில் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? மாலை போட்டவனுக்கு அன்றே குடி நிற்கிறது. விடியும் முன் எழுகிறான். குளிர்ந்த நீரில் குளிக்கிறான். நாள் முழுக்க நடக்கிறான், இரவில் உடம்பு அசந்து தூங்குகிறான். தெரியாத வீட்டு அம்மா நீர்மோர் தருகிறாள். முன்பின் தெரியாதவர் வெந்நீரில் காலைக் கழுவி மருந்து போட்டுவிடுகிறார். "சாமி, சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கடன்காரன், வேலையில்லாதவன், தோற்றவன் என்ற பெயரெல்லாம் உதிர்ந்து, எல்லாரும் அவனைச் சாமி என்றே கூப்பிடுகிறார்கள்.

இப்போது மனநல மருத்துவரிடம் கேள். மனச்சோர்வில் தவிப்பவருக்கு அவர் என்ன சொல்கிறார்? ஒழுங்கான தூக்கம், தினமும் உடல் உழைப்பு, மது விலக்கு, நாளுக்கு ஒரு சிறு இலக்கு, மனிதர்களோடு பழக்கம். அத்தனையும் அந்தப் பாதயாத்திரைக்குள் இருக்கிறதே! நம் முன்னோர் நோயின் பெயரை எழுதி வைக்கவில்லை. ஆனால் மனசைத் தூக்கி நிறுத்தும் வழியை வழக்கமாகவே ஆக்கி வைத்தார்கள்.

அப்படியானால் பிசகுவது எங்கே? மாலையைக் கழற்றிய மறுநாளில்! நாற்பத்தெட்டு நாள் ஒழுங்கை நாற்பத்தொன்பதாம் நாள் டாஸ்மாக் வாசலில் தொலைக்கிறோம். விரதம் இருக்க உன்னால் முடிந்தது என்றால் அந்த வலிமை உன்னுடையது. முருகன் அதை உனக்குள் காட்டிக்கொடுத்தான். அதை ஏன் மலையிலேயே விட்டுவிட்டு இறங்கி வருகிறாய்?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

"கோயிலுக்குப் போனால் மனநோய் தேறுமா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று இருக்கிறது. தீவிர மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்து அங்கே தங்கவைப்பது வழக்கமாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் அடங்கிய குழு அங்கே தங்கிய 31 பேரைப் பரிசோதித்து, தன் ஆய்வை 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாத்திரை கிடையாது, மந்திரவாதம் கிடையாது. காலைப் பூஜை, கோயிலைக் கூட்டிப் பெருக்குதல், செடிக்குத் தண்ணீர் விடுதல் போன்ற எளிய வேலைகள், கூடவே ஒரு சொந்தம், யாரும் மிரட்டாத சூழல், அவ்வளவுதான். வீடு திரும்பும்போது நோயின் அளவைக் காட்டும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை. அதைக் காட்டி மாத்திரையை நிறுத்து என்று எவராவது சொன்னால் நம்பாதே! அந்த ஆய்வு சொல்வது வேறு. மரியாதை ஒரு மருந்து. பாதுகாப்பு ஒரு மருந்து. "நீயும் இந்த இடத்துக்கு வேண்டியவன்" என்று கையில் ஒரு வேலையைக் கொடுப்பது ஒரு மருந்து. இந்த மூன்றையும் தருவதற்கு ஊருக்குப் பட்டம் வேண்டியதில்லை.

சங்கிலி பக்தி ஆகாது

இதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ஏர்வாடி எரிந்தது. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்ல. வேறு வழி தெரியாதவர்கள். அவர்களின் நம்பிக்கையைக் காசாக்கியவர்களும், மருத்துவத்தை அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோகத் தவறிய சமூகமும்தான் குற்றவாளிகள்.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே உன் தெருவில் யாரையாவது காத்துக் கருப்பு என்று சொல்லிச் சாட்டையால் அடித்தால், கட்டிப்போட்டால், சும்மா நிற்காதே. சாமி பெயரால் நடந்தாலும் அடி அடிதான். விபூதி பூசு, வேண்டிக்கொள், கூடவே திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப்போ. விபூதி நெற்றியில் இருக்கும்போதே மாத்திரை வயிற்றில் இருக்கலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது!

இந்த மண் வளர்த்த இரண்டு பெண்கள்

"நான் யார், என்னால் என்ன ஆகும்?" என்கிறாயா? திண்டுக்கல்லைத் தாண்டிச் சின்னாளபட்டிப் பக்கம் போய்ப் பார், காந்திகிராமம் நிற்கிறது. அதை எழுப்பியவர் டாக்டர் சௌந்தரம். சிறு வயதில் கல்யாணம், இளம் வயதில் கைம்பெண். அந்தக் காலச் சமூகம் அவருக்கு ஒதுக்கியது ஓர் இருட்டு மூலை. அவர் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1940இல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். நாடு விடுதலை பெற்ற 1947இலேயே இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். தன் துக்கத்தை ஆயிரம் பெண்களின் பிரசவ வலிக்கும் கல்விப் பசிக்கும் மருந்தாக மாற்றிக்காட்டினார்.

இன்னொருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். நம் திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். சௌந்தரத்தின் அரவணைப்பில் படித்தவர். வள்ளலாரின் சோதி வழிபாட்டை உயிராகப் பிடித்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டபோது, அவர் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிடவில்லை. கணவரோடு அந்தத் தஞ்சைப் பகுதிக்கே போனார். உழைப்பவருக்கு நிலம் வாங்கித் தர 1981இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அதுவும் பெண்களின் பெயரில், நிலம் பெற்றன. 2008இல் சுவீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவரைத் தேடி வந்தது.

பார், அவரது பக்தி அவரை ஊரைவிட்டு விலக்கவில்லை, ஊருக்குள் இறக்கியது. சாதியும் பெண்ணடிமையும் பழக்கம் என்ற பெயரில் நிற்கும்போது, அவற்றை வெட்டி எறிவதே பண்பாட்டைக் காப்பது என்று அவர் வாழ்க்கை சொல்கிறது. ஊர் என்று நான் சொல்வது எல்லாத் தெருவையும் சேர்த்துத்தான். ஒரு தெரு அழும்போது மறு தெரு மேளம் கொட்டினால் அது ஊரே இல்லை.

நம் கன்னிவாடிப் பக்கத்துப் பெண்களையே பாரேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து, பயிரைத் தின்னும் பூச்சியை அழிக்கும் உயிரிப் பொருட்களைத் தாங்களே உற்பத்தி செய்து காட்டினார்களே! ஆய்வுக்கூடத்து வேலையை வீட்டுப் பெண்கள் செய்தார்கள். தனியாக ஒருத்தி நினைத்திருந்தால் பயந்திருப்பாள். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்ததும் பயம் ஓடிப்போனது. தன்னம்பிக்கை பிறக்கும் இடம் அதுதான், இன்னொருவரின் பக்கத்தில்!

அப்பத்தாக்களுக்கு ஒரு வேலை

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே ஹராரே நகரத்து மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா தன்னிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண்ணைத் தற்கொலையில் இழந்தார். மருத்துவமனைக்கு வரப் பஸ் காசு இல்லாததால் அவள் வரவில்லை என்று தாய் சொன்னபோது அவர் நொறுங்கிப்போனார். மருத்துவமனைக்கு மக்கள் வர முடியாவிட்டால் மக்களிடம் மருத்துவம் போக வேண்டும் என்று 2006இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். பாட்டி கேட்பாள். வந்தவர் தன் பிரச்சினைகளையெல்லாம் கொட்டுவார். இருவரும் சேர்ந்து அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்வார்கள். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பாட்டியிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்திருந்தது.

நம்மிடம் பெஞ்சுக்குப் பதில் திண்ணை இருக்கிறது. திண்ணை இல்லாத தெருவில் கோயில் ஆலமரத்தடி இருக்கிறது. எத்தனையோ சாவையும் வாழ்வையும் பார்த்த அப்பத்தாக்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, துக்கத்தை உள்ளே தங்கவிடாமல் வெளியே இழுத்துப்போட்டவர்கள் அவர்கள்தானே! அவர்களை மூலையில் உட்காரவைத்து டிவி போட்டுவிடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையம் அவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுக்கட்டும். எதை ஆறுதலால் தேற்றலாம், எதை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கட்டும். பூசாரிக்கும் பாதிரியாருக்கும் பள்ளிவாசல் இமாமுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கட்டும். அவர்களிடம்தானே மக்கள் முதலில் ஓடுகிறார்கள்?

இன்றே செய்!

ஒன்று: வாயைத் திற. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல். அப்படி யாரும் இல்லை என்று தோன்றினால் 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே, தனியாகவும் இருக்காதே.

இரண்டு: தூக்கமும் பசியும் ஆர்வமும் இரண்டு வாரமாகப் போய்விட்டதா? டாக்டரைப் பார். உதவி கேட்பவன் கோழை இல்லை. மறைக்கப் பயமே போதும், கேட்கத்தான் துணிச்சல் வேண்டும்.

மூன்று: உன் சாமியிடம் தினம் கால் மணி நேரம் உட்கார். கேட்பதற்காக மட்டும் போகாதே, அமைதியாக இருப்பதற்காகப் போ. சாமி நம்பிக்கை இல்லாதவனா? மலையடிவாரத்தில் நட. மூச்சைக் கவனி. மனசுக்கு ஓர் ஒழுங்கு கொடு.

நான்கு: மாலை போட்டு நடந்த நண்பர்கள் பத்துப் பேரைச் சேர். மாலை கழற்றிய பிறகும் வாரம் ஒரு நாள் கூடுங்கள். குடியை விட்டவனுக்குக் காவலாய் நில்லுங்கள். கடனில் மூழ்குபவனோடு கணக்கு நோட்டைத் திறந்து உட்காருங்கள்.

ஐந்து: உன் தெருவில் பேச்சு குறைந்துபோன ஒருவர் இருப்பார். அவர் யார் என்று உனக்குத் தெரியும். இன்று மாலையே போய்ப் பேசு.

இந்தக் காலம் உன்னை உடைக்கப் பார்க்கிறது. சந்தை விலை பேசுகிறது, செல்போன் மயக்குகிறது, சாதி பிரிக்கிறது, சாராயம் விழுங்குகிறது. இவற்றுக்கு எதிரே தனியாளாய் நின்று மார்தட்டுவது வீரம் இல்லை. பக்தியால் மனதை நிறுத்து, அறிவால் நோயை அறி, ஊரோடு கைகோத்து நில்! விழுந்தால் எழுப்ப ஆள் கேள். எழுந்தால் அடுத்தவனை எழுப்பு. சௌந்தரத்தால் முடிந்தது, கிருஷ்ணம்மாளால் முடிந்தது, பூச்சியை வென்ற நம் ஊர்ப் பெண்களால் முடிந்தது. அவர்கள் யாரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை, இதே செம்மண்ணை மிதித்தவர்கள். உன்னாலும் ஆகும். நம்மாலும் ஆகும். கன்னிவாடியில் இனி ஓர் உயிரும் பேச ஆளில்லாமல் போகக் கூடாது. அந்தச் சபதத்தை இன்றைக்கே எடு!