கை மாறிய நிசான்

ஒரு காலத்தில் தாட்சன் என்றால் தோட்டத்துக் கிராணிக்கும் தெரியும், பள்ளி ஆசிரியருக்கும் தெரியும். டான் சோங் குடும்பத்தார் 1957இல் மலாயாவுக்குக் கொண்டுவரத் தொடங்கிய வண்டி அது. எழுபதுகளில் 120ஒய் ஓடாத சாலை இல்லை. 1985இல் உள்நாட்டுக் காரான புரோட்டோன் சாகா வரிச்சலுகையோடு வந்தது. பிறகு பெரோடுவா கஞ்சில். தாட்சன் நிசானாகப் பெயர் மாறி, சென்ட்ரா, கிராண்ட் லிவினா, அல்மேரா என்று சமாளித்தது. வேனட்டையும் சொல்லாமல் விட முடியாது. பசார் மாலாமில் கடை போட்ட எத்தனையோ பேருக்கு முதலீட்டில் பாதி அந்த வேன்தான்.

இன்று நிசானின் யோக்கோஹாமா தலைமையகமே ஆட்டம் கண்டிருக்கிறது. ஹோண்டாவோடு இணையும் பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது. அடுத்த மாதம் முடிந்த நிதியாண்டில் நட்டம் சுமார் 67,000 கோடி யென். 20,000 வேலைகளைக் குறைப்பது, 17 ஆலைகளைப் பத்தாக்குவது என்று முடிவாயிற்று. இப்படித் தேய்கிற நிறுவனம், தன் வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு எதுவரை கடன்பட்டிருக்கிறது?

மறுவிற்பனை விலை விழுவதை அந்தக் கடனில் சேர்க்க முடியாது. ஒன்பது வருடத் தவணையில் வாங்கியவருக்கு, ஐந்தாம் வருடமே வண்டியின் விலை வங்கிக் கடனுக்குக் கீழே போனால் வயிறு எரியும். ஆனால் நாளைய விலைக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ‘நிசானா, வித்தா விலை போகாது’ என்று காப்பிக்கடையில் சொல்லிச் சொல்லியே விலையை இறக்குகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

உதிரிபாகம் அப்படியல்ல. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37ஆம் பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் ‘நியாயமான காலம்’ வரை கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பவரும் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை வருடம் என்ற எண் அதில் இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

நிறுவனத்தின் தரப்பில் ஒரு வாதம் எழலாம்: முழு விலை கொடுத்தவர் முதல் உரிமையாளர்; அம்பாங் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, மூன்றாவது கையாகச் சில ஆயிரம் வெள்ளிக்கு வாங்கியவர் எங்களுக்கு ஒரு காசும் தரவில்லையே! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புது வண்டிக்கு அவ்வளவு விலை கொடுக்க முதலாமவர் துணிந்ததே, பின்னால் இதை ஒருவர் வாங்குவார் என்ற நம்பிக்கையில்தான். மூன்றாமவர் கொடுக்கப்போகும் பணத்தில் ஒரு பங்கை நிறுவனம் முன்கூட்டியே வாங்கிவிட்டது. ஆகவே கடன் வண்டியோடு சேர்ந்தே கை மாறுகிறது. பிராண்டு சரியும்போது வசதியுள்ளவர் விற்றுவிட்டு விலகிவிடுவார். வேறு வண்டிக்கு வழியில்லாதவரிடம்தான் அது கடைசியில் நிற்கும்.

இதற்கு எல்லை வேண்டாமா? வேண்டும். இருபது வருடத்துக்குச் சாமான் அடுக்கிவைக்கும் செலவு வானத்திலிருந்து விழாது. நட்டத்தில் இருக்கும் நிறுவனத்தில் அது எஞ்சியிருக்கும் தொழிலாளியின் வேலையையும் தின்னக்கூடும். பழைய வாடிக்கையாளருக்கான கடமை நிறுவனத்தையே மூழ்கடித்தால் இரு தரப்புக்கும் மிச்சமில்லை.

சென்னைக்கு அருகே ஒரகடம் கார் ஆலையில் நடந்ததும் இங்கே பொருந்தும். முதன்முறை கார் வாங்குவோரைக் குறிவைத்து 2014இல் தாட்சன் பெயரை நிசான் மறுபடி எழுப்பியது. 2022இல் அதை முடித்துக்கொண்டது. உதிரிபாகமும் சர்வீசும் தொடரும் என்று அப்போது உறுதி கூறியது. அதைச் சொன்னது நல்லது. ஆனால் கடையை மூடும் நாளில் வரும் உறுதிமொழி, வாங்கிய நாளில் முடிவெடுக்க உதவவில்லை.

அதிகம் செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. இனிச் செய்யப்போவதில்லை என்றாகிவிட்ட பாகங்களின் வரைபடங்களை வேறு பட்டறைகளுக்குக் கொடுத்துவிடலாம். ஹாஃப்-கட் கடைகளில் கழற்றிய சாமானைத் தேடி அலையும் ஃபோர்மன்களுக்கு அது பெரிய உதவி. எல்லா பாகத்துக்கும் இது சரிவராது; பிரேக், ஏர்பேக் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட முடியாது. அவற்றின் பொறுப்பு கடைசிவரை நிறுவனத்துடையதே.

மற்றவற்றுக்கு எத்தனை வருடம் என்பதை விற்கும் நாளிலேயே சொல்லிவிடலாம். ஒன்பது வருடத் தவணையைச் சென் கணக்கில் எழுதித் தரும் ஷோரூமுக்கு, அதே தாளில் இன்னொரு எண்ணை எழுதுவது சிரமமில்லை. அந்த எண் ஒன்பதுக்குக் குறைவாக இருந்தால், வாங்குபவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏன் என்று கேட்பார்.