மன்றத்தில் முழக்கம், மனையில் மவுனம்

மன்றத்திலே மணிக்கணக்கில் முழங்குகிறோம். மனையிலே தந்தையிடம் நான்கு சொல் பேச நா எழுவதில்லை. ஏன், தோழர்களே?

அவர் பேசாதவர், ஆகவே அன்பற்றவர் என்கிறோம். சான்றின்றி எதையும் ஏற்காதே என்று ஊருக்கு உரைக்கும் நாம், பெற்றவர் மீது மட்டும் சான்றின்றித் தீர்ப்பளிப்பது அறமாகுமா?

தறிக்குழியிலே கால் மாற்றி மிதித்து, நாடா ஓட்டி, அந்தக் கூலியிலே பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிய நெசவாளியை எண்ணுங்கள். அது பேச்சல்லவா? மகனை அவைக்கு உரியவனாக்கும் செயலையே தந்தையின் கடமை என்கிறது 67ஆம் குறள். ஊர் மெச்ச வாழ்வதே மகனின் கைம்மாறு என்கிறது 70ஆம் குறள். ஊரார் மெச்சுவது அவர் செவியில் விழும். நம் குரல் விழுந்ததா?

பேசாதிருப்பதே ஆண்மை என்று அவருக்குக் கற்பித்தது பழமை. அஞ்சி ஒதுங்குவதே மரியாதை என்று நமக்குக் கற்பித்ததும் அதுவே. இருவரும் ஒரே சிறையின் கைதிகள்!

பேசச் சொல்லி நச்சரிக்க வேண்டா. அருகமர்ந்து தார் சுற்றுங்கள். "இந்தக் கரை எப்படி விழுகிறது, அப்பா?" என்று கேளுங்கள். அறிந்த தொழிலைப் பற்றிக் கேட்டால் மவுனியும் வாய் திறக்கக்கூடும். திறக்காவிடினும், அருகிருந்தது அவருக்குத் தெரியும்.

இன்றே கேளுங்கள். நாளை படத்துக்கு மாலையிட்டுக் கேட்டால், படம் பதில் சொல்லாது!