பாட்ஸ்குவாரோ மடத்துத் தொட்டிகள்



ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்த ஆண்டவர் அவனிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்ததாக இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். நிலத்தைப் பண்படுத்த வேண்டும், காக்கவும் வேண்டும். முதல் வேலையை நாம் யாரும் மறக்கவில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேச, மெக்சிகோவிலுள்ள ஒரு கன்னியர் மடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

மிச்சோவாக்கான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ என்றோர் ஏரி. அச்சோக்கே என்னும் சலமாண்டருக்கு உலகில் அந்த ஏரியைத் தவிர வேறு வீடு இல்லை. நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்விகளில் தவளை, தேரை ஒரு வகை. காலே இல்லாமல் மண்ணுக்குள் வாழும் சிசிலியன் இன்னொரு வகை. இரண்டுக்கும் உறவாக, நான்கு காலும் வாலுமாக இருப்பவை சலமாண்டரும் நியூட்டும். பார்த்தால் பல்லிதான், ஆனால் செதில் கிடையாது. நியூட் குஞ்சாக நீரில் செவுளோடு வளரும், பிறகு கரையேறும், முட்டையிட மறுபடி நீருக்கு வரும். அச்சோக்கே கரையேறுவதே இல்லை. செவுளோடு ஆயுள் முழுக்க நீரிலேயே கழிக்கிறது.

பாட்ஸ்குவாரோ ஊர்த் தொமினிக்கன் சபைச் சகோதரிகள் அச்சோக்கேயைக் கொண்டு இருமல் மருந்து காய்ச்சி விற்றுவந்தார்கள். ஏரியிலோ கழிவு கலந்தது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகின, நீர்ப்பரப்பு சுருங்கியது. வலையில் அச்சோக்கே சிக்குவது அரிதாயிற்று. 1980-களில் சகோதரிகள் மடத்துக்குள்ளேயே தொட்டி வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்கா வல்லுநர்களும் அவர்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள்.

"மருந்துக்காகத்தானே வளர்த்தார்கள்?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆம், மருந்துக்காகத்தான். வயிற்றுப்பாட்டில் தொடங்கிய வேலையையும் ஆண்டவர் தள்ளிவிடுவதில்லை. முதல் சீடர்களை அவர் வலைகளின் நடுவில்தான் அழைத்தார். ஒன்றைப் பயன்படுத்துகிறவருக்கே அது குறைவது முதலில் தெரியும். தெரிந்த பின், மிச்சமிருப்பதையும் பிடித்துக் காய்ச்சிவிடலாம். அல்லது நாள்தோறும் தொட்டி கழுவலாம். சகோதரிகள் தொட்டி கழுவினார்கள். நமக்குப் பயன்படுவதால் மட்டும் ஓர் உயிர் மதிப்புப் பெறுவதில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் திருமடலில் கற்பித்தார். அது அந்த மடத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அச்சோக்கே போன்ற உயிர்கள் தோல் வழியாகவும் மூச்சு விடுகின்றன. தண்ணீரில் கலக்கும் நஞ்சு அந்தத் தோல் வழியே உடலுக்குள் இறங்கிவிடும். நம் ஊர்த் தவளைக்கும் அதே கதிதான். இந்த வாரம் வயலுக்கு மருந்தடிக்கப் போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முடிந்ததும் டின்னையும் தெளிப்பானையும் கண்மாயில் கழுவாதீர்கள்.